குளிர் அறையிலிருந்து வந்தவன்

தம்பியின் கைகள் மறுபடியும் பிரிந்திருந்தன.

அக்கா இப்போதுதான் அவற்றைக் கூப்பி, ஜெபமாலையைச் சுற்றி, விரல்களைச் சேர்த்துவிட்டுத் திரும்பியிருந்தாள். மெழுகும் வாடும் பூவும் கலந்த வாசனை மூச்சை அடைக்க, ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்த அந்த முன்னறையில், சவப்பெட்டியைச் சுற்றி மட்டும் தரையோடு தரையாக ஒரு குளிர் ஊர்ந்துகொண்டிருந்தது. அவள் கால்விரல்கள் மரத்துப்போயிருந்தன. பெட்டிக்குள் வலது கை தனியே விலகி, விரல்முட்டி மடங்கிக் கிடந்தது. நகங்கள் பிய்ந்த கை.

"முகத்தைப் பாருங்கம்மா, என்ன ஒரு சாந்தம்!" என்றார் கிடங்கு மேற்பார்வையாளர். ஆட்கள் அவரைப் 'பூட்டு' என்பார்கள். அந்தப் பெயரை வைத்தவன் தம்பிதான். "சத்தமே போடல. ஜெபம் பண்ணிக்கிட்டே போயிருக்கான். புனிதர் மாதிரி."

அம்மா தலையை ஆட்டி ஆட்டி அழுதாள்.

புனிதராம்! அக்கா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். சாமியார் பிரசங்கத்தைத் தொடங்கியதும் தூங்கிப்போகிறவன். பாடகர் குழுவில் வேண்டுமென்றே சுதி தப்பிப் பாடி, பக்கத்தில் நிற்பவர்களைச் சிரிக்கவைத்துத் திட்டு வாங்கித் தருகிறவன். கல்யாணப் பேச்சை எடுத்தால், "முதல்ல என் மூக்கு உருகட்டும்க்கா" என்பான். மீன்பெட்டி அடுக்கும் குளிர் அறையில் வேலை. ஆட்கள் சும்மா சும்மா வெளியே வருகிறார்கள் என்று கதவின் உள்பக்கக் கைப்பிடியைக் கழற்றியவர் பூட்டு. அதிலிருந்து உள்ளே ஒருவன் என்றால் வெளியே காவலுக்கு ஒருவன். உள்ளேயிருப்பவன் இரண்டு தட்டு தட்டி, கொஞ்சம் விட்டு இன்னொன்று தட்டினால், வெளியே நிற்பவன் திறக்க வேண்டும். அன்று தம்பி உள்ளே இருக்க, காவலுக்கு நின்றவனை லாரியில் சரக்கு ஏற்ற அனுப்பியதும் பூட்டுதான். இரவு அவள் போன் செய்து கேட்டபோது, "அவன் அப்பவே கிளம்பிட்டானே" என்றவரும் அவர்தான். கதவைத் திறந்தது மறுநாள் காலையில்.

"கதவுல ரத்தம் இருந்துச்சே, அதுவும் ஜெபமா?"

"தங்கச்சி, சாவு வீட்ல வந்து..."

"தங்கச்சின்னு கூப்பிடாதீங்க. சாமியார் வரட்டும். எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"வாயை மூடுடி!" அம்மா சீறினாள். "எம்புள்ள சாந்தமாத்தான் போனான். அப்படி நினைச்சாத்தான் எனக்குச் சோறு இறங்கும்."

பூட்டு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "பொழுது சாயுது. மூடிடலாம்."

மூடி இறங்கியது. திருகாணி தேடி ஒருவர் உள்ளறைக்குப் போனார். பெண்கள் ஜெபமாலை சொல்லத் தொடங்கினார்கள். ஒரு பாதி முன்வரிசையிலிருந்தும் மறுபாதி பின்வரிசையிலிருந்தும் அலைபோல ஏறி இறங்கிய அந்தக் குரல்களுக்கு அடியில், மரத்தில் விரல்முட்டி படும் சத்தம்.

இரண்டு. கொஞ்சம் விட்டு, ஒன்று.

ஜெபத்தோடு அசைந்துகொண்டிருந்த பூட்டின் உதடுகள் நின்றுபோயின.

"எலி... எலியா இருக்கும்."

"பெட்டிக்குள்ளயா?" என்றாள் அக்கா.

மறுபடியும். இரண்டு. ஒன்று.

எல்லாருக்கும் கேட்டது. ஒருவரும் தலை நிமிரவில்லை.

"சத்தமா சொல்லுங்க!" என்று கத்தினார் பூட்டு. "எல்லாரும் சத்தமா!"

ஜெபம் உயர்ந்தது. தட்டலும் உயர்ந்தது. இப்போது கணக்கு இல்லை. வெறும் இடி. கோபம். அவன் உயிரோடிருந்தபோது ஒருநாளும் காட்டாத கோபம்.

"தொறங்க! அவன் தட்டுறான், தொறங்க!"

யாரும் அசையவில்லை. அவளே மூடியைப் பற்றினாள். கை ஒட்டிக்கொள்ளும் குளிர். மூடி கொஞ்சம் விலகி இடுக்கு விட்டது. வெள்ளைப் புகை. அதற்குள் நான்கு விரல்கள்.

அம்மா எழுந்து வந்தாள். உதவத்தான் வருகிறாள் என்று அக்கா நகர்ந்து இடம் விட்டாள்.

அம்மா இரண்டு கைகளையும் மூடியின்மேல் ஊன்றினாள். பிறகு மார்பையும் கன்னத்தையும் வைத்து, முழு உடம்போடு படுத்து அழுத்தினாள்.

"சாந்தமா போனான்டி," என்றாள், அக்காவையே பார்த்துக்கொண்டு.

அடியிலிருந்து விழுந்த ஒவ்வொரு குத்துக்கும் அவள் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பெண்கள் ஜெபத்தை நிறுத்தவில்லை.