ஏழாம் நம்பரின் வயிறு

“ஐயோ...!”

எலிக்கூடத்திலிருந்து அலறல்!

பேராசிரியர் ஓடிவந்தார். ஆராய்ச்சி மாணவி ஒரு வெள்ளை எலியைக் கையில் ஏந்தி நின்றாள்.

“செத்துப்போச்சா?”

“இல்ல சார்... இன்னும் முழுகாம இருக்கு!”

அவர் முகம் கறுத்தது.

பன்னிரண்டு கர்ப்பிணி எலிகள். எட்டாம் நாளே அத்தனைக்கும் இரண்டு சினைப்பைகளையும் வெட்டி எடுத்தாகிவிட்டது. ஆறுக்குத் தினமும் சினைப்பை சுரக்கும் ஹார்மோன்களே ஊசியாக: புரோஜெஸ்டிரோன், கூடவே துளி ஈஸ்ட்ரோஜென். கரு தங்க வேண்டும். மற்ற ஆறுக்கு வெறும் எண்ணெய் ஊசி. கரு கலைந்தாக வேண்டும்.

ஏழாம் நம்பர்... எண்ணெய்க் கோஷ்டி!

“மருந்த மாத்திக் குத்திட்டே!”

“சத்தியமா இல்ல சார்!”

“பின்னே, சினைப்பையே இல்லாம கரு எப்படித் தங்கும்? தவம் பண்ணுச்சா? உன் ஆராய்ச்சிக்கு இன்னியோட மூடுவிழா!”

அவள் கண்கள் தளும்பின. மூன்று வருட உழைப்பு!

கூண்டு கழுவிக்கொண்டிருந்த காப்பாளர் கனைத்தார்.

“சார், மருந்து போட்ட ஆறும் சுகமா இருக்கு. மாத்திக் குத்தியிருந்தா அதுல ஒண்ணு கலைஞ்சிருக்கணுமே?”

“நீர் என்ன, துப்பறிய வந்தீரா?”

மாணவிக்குப் பொறி தட்டியது!

“அண்ணே... வெட்டி எடுத்ததெல்லாம் ஜாடியில இருக்கே?”

ஏழாம் நம்பர் ஜாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டு உருண்டைகள். ஒன்று அடியில் கிடந்தது. இன்னொன்று...

மிதந்தது!

“கொழுப்பு!” என்று கத்தினாள்.

“யாருக்கு? எனக்கா?”

“எலிக்கு சார்! சினைப்பை கொழுப்புக்குள்ள புதைஞ்சிருக்கும். அவசரத்துல வெறும் கொழுப்ப அறுத்துட்டு, ஒரு சினைப்பைய உள்ளேயே விட்டுட்டாங்க. அது சுரக்குது... கரு தங்குது!”

“எந்த மடையன் அறுத்தான்? இன்னிக்கே அவன் சீட்டக் கிழிக்கிறேன்!”

அவள் தயங்கித் தயங்கி அறுவைப் பதிவேட்டை நீட்டினாள்.

ஏழாம் நம்பருக்கு எதிரே, பச்சை மையில்...

அவருடைய கையெழுத்து!

“அன்னிக்கு... ‘தள்ளு, எப்படி அறுக்கணும்னு காட்டறேன்’னு நீங்கதானே சார்...”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

“உன் ஆராய்ச்சி... தொடரட்டும்மா. ஏழாம் நம்பர மட்டும் கணக்குல சேக்காதே.”

நழுவப் பார்த்தவரைக் காப்பாளரின் குரல் வாசலில் பிடித்து நிறுத்தியது.

“சார்! எட்டு குட்டியாவது இருக்கும்போல... எல்லாத்துக்கும் உங்க பேரையே வெச்சிடலாமா?”