எட்டு ஒன்பதாகும் தூக்குச்சட்டி

நிலாவில் இருக்கும் நிலாக்குழல் என்ற ஊரில், தாவுகணி என்ற கணக்குப் பொறியைக் கேட்காமல் யாரும் எந்தக் காரியத்தையும் தொடங்குவதில்லை. பெண் பார்க்கப் போகிறவர்கள் ஜாதகத்தைத் தொடுவதில்லை. ஒரு நாள் மாப்பிள்ளை சமைத்து மறுநாள் பெண் சமைத்தால், இருபதாவது வருஷம் யார் யாரோடு பேசாமல் இருப்பார்கள் என்று தாவுகணியில் போட்டுப் பார்த்தார்கள். நெடுந்தொடர் ரசிகர்கள் முதல் வாரத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். ஒரு நாள் மாமியார் கை ஓங்கும், மறுநாள் மருமகள் கை ஓங்கும். அது போதும், கடைசிக் காட்சியைத் தாவுகணி சொல்லிவிடும். பார்த்த மாதிரியே நிம்மதியாகப் போய்ப் படுத்தார்கள்.

முன்காலத்தில் நூறாவது படியில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், பாவம், அத்தனை படியும் ஏற வேண்டியிருந்தது. இன்றைய நடப்பு நேற்றையதையும் முந்தாநாளையதையும் பொறுத்தது என்றால் கணக்கு போடலாம். அதுவே முறை மாறி மாறி வந்து, ஒற்றை நாளுக்கு ஒரு குணம், இரட்டை நாளுக்கு வேறு குணம் என்றால் யாருக்கும் தலை சுற்றிவிடும். தாவுகணி சுற்றாது. அது ஒரு முழுச் சுற்றை எடுத்து மடித்து ஒரே படியாக ஆக்கிக்கொள்ளும். பிறகு நடுவில் எங்கும் நிற்காமல் நேரே நூறாவது படிக்குத் தாவிவிடும்.

அப்படிப்பட்ட தாவுகணியை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, நிலாவின் பாறைக்குழலுக்குள் கட்டிய அந்த ஊரின் இனிப்புக் கிடங்குக்கு அதிகாரியாக இருந்தவர் ஆவுடையப்பன். சட்டைப் பையில் எப்போதும் மாதிரிக்கு ஒரு சீனிப் பொட்டலம் இருக்கும். பூமியிலிருந்து கப்பலில் வரும் சீனியையும் வெல்லத்தையும் பாகாக்கி, குழாய் வழியாக வீட்டுச் சமையலறைகளுக்கு அனுப்புவது அவர் வேலை. பதவி பெரிதில்லை. ஆனால் அவருக்கு நிலா பெரிது. காரணம், முழங்கால். திருநெல்வேலியில் மாடிப்படி ஏறினால் கண்ணில் தண்ணீர் வந்த மனிதர், ஆறில் ஒரு பங்கு எடையோடு இங்கே துள்ளித் துள்ளி நடந்தார். பூமிக்குத் திரும்புவது என்ற நினைப்பே அவருடைய இரண்டு முழங்காலிலும் ஊசி குத்தும்.

நிலாக்குழலின் சட்டமோ ஈவு இரக்கம் இல்லாதது. கிடங்கில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. கப்பல் வருவதற்குள் கையிருப்பு அதற்குக் கீழே போனால், அதற்குக் காரணமான வீட்டாரை அதே கப்பலில் பூமிக்கு ஏற்றிவிடுவார்கள். சாப்பாட்டைக் கூட்ட முடியாத ஊரில் வாயைத்தான் குறைக்க முடியும்.

ஒரு காலை ஆவுடையப்பன் வழக்கம்போல் கையிருப்பைத் தாவுகணியிடம் கேட்டார். கப்பல் வரும் நாளில் பாகு எவ்வளவு இருக்கும் என்றார். தாவுகணி, இருக்காது என்றது. குழாய் ஓட்டையா என்று கேட்டார். இல்லையாம். ஊரில் எல்லா வீடும் ஒழுங்காகத்தான் செலவழிக்கிறதாம், மூன்றாம் வளைவில் இரண்டு வீடுகளைத் தவிர. அந்த இரண்டும் முறை வைத்துக்கொண்டு பாகை உறிஞ்சுகின்றன. ஒரு நாள் ஒரு குழாய், மறுநாள் அடுத்த குழாய்.

ஆவுடையப்பனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. பதவிக்கு வந்த நாளிலிருந்து ஒரு திருடனைக்கூடக் கையும் களவுமாகப் பிடித்ததில்லை. எத்தனையாவது கதவு என்று கேட்டுக்கொண்டு துள்ளிப் புறப்பட்டவர், மூன்றாம் வளைவுக்குள் நுழைந்து கதவுகளை எண்ணியபடி போய், ஒரு கதவின் முன்னால் நின்றார். அது அவர் வீட்டுக் கதவு.

உள்ளே அவர் மனைவி செண்பகவல்லி பாசிப்பயற்று மாவில் பாகை ஊற்றிப் பிசைந்து, முந்திரிக்கொத்து உருட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு டிரம் நின்றது. முக்கால்வாசி நிறைந்திருந்தது. அந்த டிரம்மை ஆவுடையப்பனுக்கு நன்றாகத் தெரியும். முந்தின நாள் அது பக்கத்து வீட்டு ஜெசிந்தாவிடமிருந்து மக்ரூன் இனிப்போடு வந்தபோது, அதற்குள் தலையை விட்டுத் தின்றவரே அவர்தான்.

எல்லாம் ஒரு தூக்குச்சட்டியில் ஆரம்பித்தது. இவர்கள் குடிவந்த புதிதில், தூத்துக்குடிக்காரி ஜெசிந்தா அக்கம்பக்கத்து மரியாதைக்காக ஒரு தூக்குச்சட்டியில் கொஞ்சம் மக்ரூன் கொடுத்தனுப்பினாள். சட்டியை வெறுமனே திருப்பித் தர முடியுமா? செண்பகவல்லி முந்திரிக்கொத்து போட்டு அனுப்பினாள். மறுபடி சட்டி மக்ரூனோடு வந்தது. சட்டி கொள்ளாமல் வாளி ஆயிற்று, வாளி கொள்ளாமல் டிரம் ஆயிற்று. திருநெல்வேலியாக இருந்தால் கை வலித்தே இந்த மரியாதை என்றைக்கோ நின்றிருக்கும். இங்கே டிரம்மை இரண்டு விரலில் தூக்கிக்கொண்டு போகலாம். நிலா நட்புக்கு ரொம்பத் தோதான இடம்.

ஆவுடையப்பன் சமையலறை மூலைக்குப் போய், குரலைத் தாழ்த்தித் தாவுகணியிடம் விளக்கம் கேட்டார். அது பொறுமையாகச் சொன்னது. ஒவ்வொரு வீட்டுக்காரியும் இரண்டைப் பார்க்கிறாள்: இப்போது வந்தது எவ்வளவு, போன முறை தான் அனுப்பியது எவ்வளவு. ஜெசிந்தா வந்ததைத்தான் பெரிதாக நினைக்கிறாள், அதனால் அவள் முறையில் கூடுகிறது. செண்பகவல்லி தான் முன்பு அனுப்பியதையே அதிகம் நினைக்கிறாள், அதனால் அவள் முறையில் கொஞ்சம் குறைகிறது.

"அப்ப நம்ம வீட்டுல குறையத்தானே செய்யுது? தப்பு அந்த வீட்டு மேலதான்" என்றார் ஆவுடையப்பன். நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது.

"தனித்தனியாகப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். இரண்டு முறையையும் சேர்த்து ஒரு சுற்றாகப் பாருங்கள். எட்டு இருந்த இடத்தில் ஒன்பது இருக்கிறது. சுற்றுக்குச் சுற்று எட்டு ஒன்பதாகும். கப்பல் வரும் நாள் ஜெசிந்தாவின் முறை. அன்றைக்கு அவர் அனுப்ப வேண்டியது ஊர்க் கிடங்கு மொத்தமும், மேலே ஓர் அண்டாவும்."

கப்பலில் ஏற்றப்படப்போவது தானும் தன் முழங்காலும்தான் என்பது அப்போதுதான் ஆவுடையப்பனுக்கு முழுசாக உறைத்தது.

மனைவியிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னார். சட்டத்தைச் சொன்னார், சிவப்புக் கோட்டைச் சொன்னார், எட்டும் ஒன்பதும் சொன்னார். செண்பகவல்லி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உருண்டை பிடிப்பதை நிறுத்தவில்லை.

"நீங்க சொல்லது சரிதாங்க. ஆனா வெறுஞ்சட்டிய எப்படிங்க திருப்பிக் குடுக்க?"

கடைசியில் டிரம்மைப் பாதியாகக் குறைத்து அனுப்புவது என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அன்று செண்பகவல்லி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டே கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆவுடையப்பன் தன் கெட்டிக்காரத்தனத்தை மெச்சிக்கொண்டு வேலைக்குப் போனார்.

மறுநாள் இரண்டு டிரம் வந்தது.

பாதி டிரம்மைப் பார்த்து ஜெசிந்தா பதறிப்போயிருக்கிறாள். அந்த வீட்டில் என்ன கஷ்டமோ, வாய் விட்டுச் சொல்ல மாட்டாமல் தவிக்கிறார்களோ என்று விடிய விடியப் பாகு காய்ச்சியிருக்கிறாள். அதோடு பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று தனியாக ஒரு வாளி வேறு. அவர்களுக்குப் பிள்ளைகளே கிடையாது. தாவுகணி புதுக் கணக்கைச் சொல்ல வாயெடுத்தது. ஆவுடையப்பன் அதை அமுக்கிவிட்டார்.

வேறு வழியில்லாமல் ஊர்த்தலைவி தில்லைநாயகியிடம் போய் நின்றார். தன் வீட்டு விஷயம் என்று சொல்லவே நாக்கு கூசியது. ஆனாலும் சொல்லிவிட்டார். தலைவி ரொம்பப் படித்தவர். தாவுகணியை நிலாக்குழலுக்குக் கொண்டுவந்ததே அவர்தான். அவர் கோபப்படவில்லை. கண்ணை மூடி யோசித்துவிட்டு, இதில் கவலைப்பட என்ன இருக்கிறது என்றார்.

"கடைசி முறையில என்ன நடக்கும்னு நமக்கு இப்பவே தெரியும். அப்புறம் நடுவுல இருக்கிறதெல்லாம் எதுக்கு நடக்கணும்? நடந்துட்டதா வச்சுக்குவோம் சார். கடைசி முறையை மட்டும் நடத்திடலாம். அதையும் அடையாளத்துக்கு ஒரே ஒரு மக்ரூன். அதோட தொடர் முடிஞ்சுது."

ஆவுடையப்பனுக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. முழங்கால் வலிக்காத ஊர் என்பதால் விழவும் முடியும். தொடர் நெடுகிலும் போகாமல் முடிவுக்குத் தாவுவது கணக்கில் முடியும் என்றால் வாழ்க்கையில் ஏன் முடியாது? இத்தனை நாள் இது யாருக்கும் தோன்றவில்லையே என்று வியந்தபடி வீடு வந்தார்.

விழா ஊர் மண்டபத்தில் நடந்தது. இரண்டு பெண்களும் மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். இன்றிலிருந்து கப்பல் நாள் வரை உள்ள எல்லாப் பரிமாற்றங்களும் மரியாதைக் குறைவில்லாமல் நடந்து முடிந்தனவாகக் கொள்ளப்படும் என்று தலைவி அறிவித்தார். கூட்டம் கைதட்டியது. செண்பகவல்லியும் ஜெசிந்தாவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சட்டென்று ஜெசிந்தாவின் கண் கலங்கிவிட்டது.

"யக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே. நீங்க எப்ப நிறுத்துவீங்கன்னுதான் நான் பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்கு மக்ரூன் வாசனையே ஆகாம போச்சு."

"அட பாவி மகளே" என்று செண்பகவல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நானும் அதத்தாம்மா பாத்துக்கிட்டு இருந்தேன்."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கிண்டிக் கிண்டிக் காய்ப்புக் காய்த்த கைகளைக் காட்டிக்கொண்டார்கள். இனி வெறுங்கையோடு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகலாம், உட்கார்ந்து பேசலாம் என்ற நிம்மதி இருவர் முகத்திலும் தெரிந்தது. ஆவுடையப்பனுக்கே மனசு இளகிவிட்டது.

ஒரு சின்னச் சிக்கல் மட்டும் வந்தது. டிரம்கள் மறுபடி கிளம்பிவிடக் கூடாது என்று அவற்றை முத்திரை வைத்துப் பூட்டிவிட்டார்கள். பழைய தூக்குச்சட்டியும் அவற்றோடு போய்விட்டது. அந்த ஒற்றை மக்ரூனை எதில் வைத்துக் கொடுப்பது? தலைவி பெருந்தன்மையாகத் தன் வீட்டிலிருந்து ஓர் எவர்சில்வர் டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். ஜெசிந்தா அதில் மக்ரூனை வைத்து மூடிக் கொடுக்க, செண்பகவல்லி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். தாவுகணி, தொடர் முடிந்தது என்று அறிவித்தது. கையிருப்பு சிவப்புக் கோட்டுக்கு மேலே, கப்பல் வரும்வரை பத்திரம் என்றது.

அன்று மாலை ஆவுடையப்பன் அந்த மக்ரூனை வாயில் போட்டுக்கொண்டு, வீட்டுக்குள் தேவையில்லாமல் இரண்டு மூன்று தடவை துள்ளி நடந்து பார்த்தார். முழங்கால் வெண்ணெய் போல மடங்கியது. சமையலறையில் செண்பகவல்லி டப்பாவைக் கழுவித் துடைத்தாள். திருப்பிப் பார்த்தாள். அடியில் தில்லைநாயகி என்று பெயர் வெட்டியிருந்தது.

பிறகு வாணலியை அடுப்பில் வைத்துப் பாசிப்பயறை வறுக்க ஆரம்பித்தாள்.

வாசனை வந்த மாத்திரத்தில் ஆவுடையப்பன் ஓடிவந்தார். அவள் டப்பாவின் அடிப்பக்கத்தை அவருக்குக் காட்டினாள். அவர் அடுப்பை அணைத்தார். இந்த டப்பாவைத் தானே கொண்டுபோய் வெறுமனே கொடுத்துவிட்டு வருவதாகச் சொன்னார். சட்டம் தெரிந்த, கணக்கு தெரிந்த ஒரு ஆண்பிள்ளை செய்தால்தான் இதற்கு ஒரு முடிவு வரும் என்றார். செண்பகவல்லி தடுக்கவில்லை. "ஒங்க இஷ்டம்" என்று மட்டும் சொன்னாள்.

வழியெல்லாம் அவர் தைரியமாகத்தான் நடந்தார். வெறும் டப்பா, அவ்வளவுதானே. அது வெறும் உலோகம். தலைவி கணக்கு தெரிந்தவர்; வெறும் டப்பாவைக் கண்டால் சந்தோஷப்படுவார். தலைவி வீட்டுக் கதவை நெருங்க நெருங்க டப்பா கையில் கனத்தது. ஊருக்கே நல்லது செய்த மனுஷி. தன் வீட்டுப் பாத்திரத்தை நம்பிக் கொடுத்திருக்கிறார். மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே பளபளவென்று ஒன்றுமே இல்லை. இவ்வளவு ஒன்றுமில்லாததை ஒரு மனிதரிடம் எப்படி நீட்டுவது?

அழைப்பு மணியை அழுத்திவிட்டார். உள்ளே காலடிச் சத்தம் கேட்டது. அவர் கை தானாகச் சட்டைப் பைக்குள் போயிற்று. மாதிரிப் பொட்டலத்தைக் கிழித்தது. ஒரே ஒரு சிட்டிகைச் சீனியை எடுத்து டப்பாவில் போட்டது.

மணிக்கட்டில் தாவுகணி விழித்துக்கொண்டது. "புதிய தொடர் தொடங்கியிருக்கிறது. இனி மூன்று வீடுகள், மூன்று குணங்கள். கப்பல் வரும் நாளில் என்ன ஆகும் என்று சொல்லட்டுமா?"

"வேண்டாம்" என்றார் ஆவுடையப்பன். நிலாக்குழலில் அந்தக் கேள்விக்கு அப்படி ஒரு பதிலை அதுவரை யாரும் சொன்னதில்லை.

கதவு திறந்தது. தலைவி டப்பாவை வாங்கி மூடியை நீக்கிப் பார்த்தார். கணக்கு தெரிந்த அந்த முகம், உள்ளே கிடந்த சீனியைக் கண்டதும் அப்படியே குழைந்துவிட்டது.

"இதெல்லாம் எதுக்கு சார்? சரி, வெறுங்கையோட போகாதீங்க. ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லி உள்ளே போனார்.

பரணிலிருந்து ஏதோ ஒரு பெரிய பாத்திரத்தை இறக்கும் சத்தம் கேட்டது. வாசலில் நின்ற ஆவுடையப்பனுக்கு, நிலாவுக்கு வந்த பிறகு முதல் முறையாக, முழங்கால் வலித்தது.