சோதனையில் தேறிய முகவரி

ஓய்வுபெற்ற டெலிபோன் லைன்மேனைத் தேடி அந்தப் பெண் வந்தபோது மணி இரண்டு. நான்கு மணிக்கு அவளைக் குழுவை விட்டு வெளியேற்றப் போகிறார்கள். இலவசமாகக் கொடுக்கும் கணினி இயங்குதளம் ஒன்றை அந்தக் குழுவில் பத்து வருடமாகத் தொகுத்து வருபவள் அவள்.

"தளத்தோட பேரைச் சொன்னா நம்பர் எடுத்துக் கொடுக்கிற டிஎன்எஸ் சர்வர் இருக்கு சார். யார் எங்க போறாங்கன்னு அதுக்குத் தெரிஞ்சிடும். வேற சர்வர் எதுவும் கிடைக்காதப்ப, நாங்க இயங்குதளத்துக்குள்ள எழுதி வச்சிருக்கிற சர்வரைத்தான் மெஷின் கேட்கும். பெரிய கம்பெனியோடதை எடுத்துட்டு, எதையும் குறிச்சு வைக்காத சின்ன அமைப்போடதைப் போடச் சொன்னாங்க குழுவுல. மூணு மாசம் முன்னால போட்டேன். எங்க சோதனைக்காரரும் ஓட்டிப் பார்த்து சரின்னார். இப்ப இதைப் பயன்படுத்துற வெளியூர்க்காரர் ஒருத்தர், இன்னும் கம்பெனிக்கே போகுதுங்கிறார். நான் விலைபோயிட்டேன்னு பேசுறாங்க."

"சோதனை பண்ணவன்தான் மாமா மாத்தியிருப்பான்! மூஞ்சியே சரியில்ல," என்று பக்கத்தில் இருந்த லைன்மேனின் மைத்துனர் எழுந்தே விட்டார்.

"நீ எப்ப மச்சான் அவன் மூஞ்சியப் பார்த்தே? உட்காரு."

லைன்மேன் பேச்சை நம்புகிற ஆள் இல்லை. மாற்றிய வரிகளையும் சோதனை அறிக்கையையும் காகிதத்தில் கேட்டார். அவள் நான்கு வரிகளை மாற்றியிருந்தாள். சர்வர் வரியின் தலையில் மட்டும் # என்றொரு குறி. சோதனை அறிக்கையில், பன்னிரண்டாம் தேதி, அலுவலகத்தில், 'சரி' என்றிருந்தது.

"அந்தச் சின்ன அமைப்போட சர்வர் அன்னிக்கு ஓடுச்சாம்மா?"

அவள் கைப்பேசியில் தேடினாள். பழுதுபார்ப்புக்காக அன்று முழுநாளும் நிறுத்தியிருந்தார்கள்.

நான்கு மணிக்கு மூவரும் அலுவலகம் போனபோது குழுத் தலைவரும் சோதனைக்காரரும் காத்திருந்தார்கள். மைத்துனர் வாசலை அடைத்து நின்றார், யாரோ ஓடப்போவது போல.

"செத்துக் கிடந்த சர்வர் எப்படிப்பா பதில் சொல்லுச்சு?" என்றார் லைன்மேன்.

"சத்தியமா நெட் வந்துச்சுங்க."

"வந்திருக்கும். இங்க இருக்கிற நெட் பெட்டி தானாவே வேற ஒரு சர்வர் நம்பரைக் கொடுத்துடுது. உள்ள வச்சதை மெஷின் தொடவே இல்ல. வெளியூர்க்காரர் வீட்டுப் பெட்டி ஒண்ணும் கொடுக்கல. அங்கதான் வெளிச்சமாச்சு."

"அப்ப கம்பெனி நம்பரைத் திரும்பப் போட்டது யாரு?" என்றார் தலைவர்.

"யாரும் போடல. போகவே இல்ல. ஏம்ப்பா, வரி முன்னால இந்தக் குறி இருந்தா மெஷின் என்ன பண்ணும்?"

சோதனைக்காரர் எட்டிப் பார்த்தார். குரல் இறங்கியது. "அந்த வரியப் படிக்காதுங்க. மனுஷங்களுக்கு எழுதின குறிப்புன்னு விட்டுட்டு, மென்பொருளுக்குள்ள முதல்லேருந்தே இருக்கிற கம்பெனி நம்பருக்கே போயிடும்."

"குறிய அழிக்காம நம்பரை மட்டும் மாத்தியிருக்கு இந்தப் பொண்ணு. துரோகம் இல்ல. அசட்டை."

பழி போக வந்தவள், தவறோடு உட்கார்ந்திருந்தாள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "பத்து வருஷ உழைப்பு. சோதனையில கோளாறுன்னு எழுதிடலாமா?"

சோதனைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வேணாம் சார்," என்றாள் அவள். விசைப்பலகையை இழுத்துக் குறியை அழித்தாள். வெளியூர்க்காரருக்கு எழுதினாள்: "மூன்று மாதமாக இணையத்தில் நீங்கள் போன இடமெல்லாம் கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது. தவறு என்னுடையது." அதையே எல்லாப் பயனர்களுக்கும் அனுப்பினாள்.

தலைவர் வெளியேற்றத் தீர்மானத்தைக் கிழிக்கவில்லை. நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வருவே?" என்றார் அவளிடம்.