போயிட்டாங்களா?

சானியேவும் அவள் புருஷன் துர்முஷும் அந்த வீட்டுக்குக் குடிவந்தது கோடை முடிகிற சமயம். பழைய சுவர், பழைய கதவு, கூரை மட்டும் ஒழுகாது. துர்முஷ் மயங்கியது வீட்டைப் பார்த்து அல்ல, அதற்கு அடியில் இருந்ததைப் பார்த்து. தொழுவத்தின் பின்சுவரில் ஒரு தாழ்ந்த வாசல். குனிந்து இறங்கினால் பாறையைக் குடைந்த அறைகள், ஒன்றுக்குள் ஒன்றாக, எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாத ஆழம் வரை. படை வருகிறது என்றால் ஊரே ஆடு மாடுகளோடு உள்ளே போய் மாதக்கணக்கில் பதுங்கிக் கிடந்த இடம். இப்போது உருளைக்கிழங்கும் எலுமிச்சையும் கெடாமல் கிடக்கிற இடம். அந்த ஊரில் பாதி வீடுகளுக்கு அடியில் இப்படி ஒன்று உண்டு.

இரண்டாவது அறையின் வாசலில், சுவர்ப் பள்ளத்துக்குள், திரிகைக் கல் மாதிரி வட்டமாக ஆளுயரக் கல் ஒன்று நின்றது. நடுவில் கை நுழைகிற ஓட்டை. அதை உருட்டினால் வாசல் அடைபடும். உள்ளே இருப்பவர்கள்தான் உருட்ட முடியும். வெளியே இருந்து எத்தனை பேர் தள்ளினாலும் அசையாது.

பக்கத்து வீட்டு ஹூரியே அக்கா முதல் நாளே தயிரும் ரொட்டியும் கொண்டுவந்தாள். கிளம்பும்போது சானியேவைத் தனியாக இழுத்துச் சொன்னாள்.

"கீழ போறப்ப ஒரு குரல் கேக்கும். 'போயிட்டாங்களா'ன்னு. 'போயிட்டாங்க'ன்னு சொல்லிட்டு உன் வேலையைப் பாரு. வேற பேச்சு வேணாம்."

"யாருக்கா அது?"

"அந்தக் காலத்துல படைக்குப் பயந்து ஒளிஞ்சவ. மேல வரப் பயம். எங்க மாமியாரும் சொன்னாங்க, நானும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். எத்தனை தடவை சொன்னாலும் நம்பமாட்டா."

துர்முஷ் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். உனக்கு மாமியார் இல்லாத குறை தீர்ந்தது என்று பெண்டாட்டியைக் கேலி செய்தான். அவனுக்கு அந்தக் குரல் கேட்டதே இல்லை. சானியேவுக்குச் சீக்கிரமே கேட்டது. கிழங்குக் கூடையோடு குனிந்தபோது கல்லின் ஓட்டையிலிருந்து, எண்ணெய்த் திரி கருகிய வாசனையோடு, வெகுநாள் வாய் திறக்காதவளின் கரகரத்த கிசுகிசுப்பு.

"போயிட்டாங்களா?"

போயிட்டாங்க என்று பயந்துகொண்டே சொன்னாள். மறுநாளும் சொன்னாள். பயம் என்ன பெரிய பயம்? தலைக்கு மேல் வேலை இருந்தால் அதுவும் பழகிப்போகிறது.

அதன்பிறகுதான் துர்முஷின் அண்ணன் பெக்கிர் அங்காராவிலிருந்து குடும்பத்தோடு வந்து இறங்கினார். இரண்டு நாள் என்று வந்தவர்கள் முதல் பனி விழுந்த பிறகும் நகரவில்லை. பெக்கிருக்கு நாள் முழுக்கத் தேநீர் வேண்டும். அவர் மனைவி பெரிஹானுக்குக் கோதுமைச் சோறு என்றைக்கும் வேகாதது. மகள்களுக்கு வெந்நீர், மருமகனுக்கு அடுப்போரம் படுக்கை. விருந்தாளியைப் போ என்று சொல்வது அந்த ஊரில் பெற்ற தாயைக் கைநீட்டி அடிப்பதற்குச் சமம். துர்முஷுக்கோ அண்ணன் முன்னால் நாக்கு எழாது. எலுமிச்சைப் பெட்டி அடுக்குகிறேன் என்று சொல்லிவிட்டுக் கீழேயே பதுங்கிக் கிடந்தான், கெட்டிக்காரன்! சானியே பொழுது விடியுமுன் எழுந்தாள், எல்லாரும் படுத்தபின் படுத்தாள். நின்றுகொண்டே கண் சொருகியது அவளுக்கு.

அன்று சாயங்காலம் கிழங்கு எடுக்க இறங்கினாள். துர்முஷ் கல்லைத் தாண்டி உள்ளறையில் பெட்டிகளை நகர்த்துகிற சத்தம் கேட்டது. மேலே பெக்கிர் சிரிப்பதும் தரை அதிர நடப்பதும் காற்றுத் துளை வழியாக அப்படியே கீழே வந்தது.

"போயிட்டாங்களா?"

அந்த வீட்டில் அவளைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கிறவள் இவள் ஒருத்திதான் என்று சானியேவுக்குத் தோன்றியது. கூடையைக் கீழே வைத்தாள்.

"போகலைம்மா. போகவே மாட்டாங்க. எனக்கு முடியலை."

உள்ளே பெட்டி நகர்த்துகிற சத்தம் நின்றது.

கல் உருண்டது.

வாசல் அடைத்துக்கொண்டது. சானியே பாய்ந்து போய் இரண்டு கையாலும் தள்ளினாள். போயிட்டாங்க, போயிட்டாங்க, பொய் சொல்லிட்டேன் என்று ஓட்டையில் வாய் வைத்து அரற்றினாள். துர்முஷின் பெயரைச் சொல்லி அழைத்தாள். ஓட்டைக்கு மிக அருகில் அவன் குரல் வந்தது.

"கத்தாதே சானியே. மேல கேட்டுடும்."

"வெளிய வா. உன்னைக் கும்பிடறேன்."

"அவங்க போகட்டும். மெதுவாப் பேசு. இப்பத்தான் பிள்ளைங்க தூங்குது."

சானியேவுக்கும் துர்முஷுக்கும் பிள்ளை கிடையாது.

அவன் குரலுக்குப் பின்னால் இருட்டில் நிறையப் பேர் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது அவளுக்குக் கேட்டது.

மேலே பெக்கிரின் காலடி மறுபடி அதிர்ந்தது. அந்தக் காலடி ஓயும்வரை இனி எதைச் சொன்னாலும் செல்லாது என்று அவளுக்குப் புரிந்தது. படியேறிப் போனாள். விருந்தாளிகளுடைய கோட்டுகளை அள்ளி வந்து ஆளுக்கொன்றாக மடியில் போட்டாள்.

"கடைசி பஸ் இருக்கு. கிளம்புங்க மச்சான்."

பெக்கிர் தேநீர்க் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். "துர்முஷ் எங்க? அவன் வாயால சொல்லட்டும்."

"நான் சொல்றேன். போங்க."

பெரிஹான் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகச் சபித்தாள். அவர்கள் பனியில் தெருமுனை திரும்பும்வரை சானியே பார்த்திருந்துவிட்டுக் கீழே ஓடினாள்.

"போயிட்டாங்க," என்றாள். நெஞ்சில் கைவைத்து, முழு உண்மையாக.

பிறகு கல் நகர்ந்தது. துர்முஷ் தலை முழுக்க வெள்ளைப் பாறைத்தூளோடு குனிந்து வெளியே வந்தான். சானியே அவனைக் கட்டிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அவன் அவள் முக்காட்டு நுனியைப் பிடித்தபடி மேலே வந்தான். படியில் அவள் பின்னால் நிறையக் காலடிகள் கேட்டன. திரும்பிப் பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை.

விருந்தாளிகளின் மெத்தைகளைச் சுருட்டி அலமாரியில் அடைத்தாள். துர்முஷை அடுப்போரம் உட்காரவைத்துச் சூப்பைச் சுடவைத்தாள். திரும்பினால் மெத்தைகள் எல்லாம் தரையில் விரிந்து கிடந்தன. தலையணைகளில் வெள்ளைத் தூள். ஒவ்வொரு மெத்தையிலும் உடம்பு அழுந்திய பள்ளம், பெரியதும் பக்கத்தில் சின்னதுமாக.

"நீயா விரிச்சே?"

துர்முஷ் உதட்டில் விரல் வைத்தான். "இப்பத்தான் படுத்தாங்க. பாவம், எத்தனை நாள் அலுப்போ."

அப்போது வெளிக்கதவு தட்டப்பட்டது.

பனியில் பாதை மூடிவிட்டதாம், பஸ் வரவில்லையாம். கதவைத் திற என்று பெக்கிர் சத்தம் போட்டார்.

விளக்கு அணைந்தது.

திரி கருகிய வாசனையோடு சில்லென்ற ஒரு உள்ளங்கை சானியேவின் வாயைப் பொத்தியது, அழுகிற குழந்தையை அமர்த்துகிற மாதிரி, மெத்தென்று. காதோரம் அதே கரகரத்த குரல்.

"போயிட்டாங்கன்னு சொன்னியே."

வெளிக்கதவுக்கு உட்புறம் கனமான எதுவோ உருளத் தொடங்கியது.