முதல் கியர்

முப்பத்தெட்டு மணி நேரம் இருபது நிமிடங்களுக்கு முன்னால் அவள் அந்தக் காரின் கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு, ஷெட்டைப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள். ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் திறந்து பார்த்தபோது அது முதல் கியரில் இருந்தது.

நேரத்தில் பிழை இல்லை. அவளுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எதைத் தொட்டாலும் மணியைக் குறித்துவைப்பது கைப்பழக்கம். நோட்டில் அவள் எழுத்திலேயே இருந்தது: வெள்ளி, மாலை 6.40, நியூட்ரல்.

கூரைத் தகரத்தில் ஆணி கழன்ற ஓட்டைகள் வழியாக வெயில் பொட்டுப் பொட்டாக போனட்டின் மேல் விழுந்திருந்தது. எலிப்புழுக்கையும் கெட்டுப்போன பெட்ரோலும் ரெக்ஸின் சீட்டின் புழுக்கமும் கலந்த வாடை, கதவைத் திறந்ததும் யாரோ மூச்சு விட்டதுபோல வெதுவெதுப்பாக முகத்தில் வந்து மோதியது. மேலே தகரம் சூடேறி டிக் டிக்கென்று நெளிந்துகொண்டிருந்தது. அவள் கியரின் உருண்டைத் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அப்பாதான். வேறு யார்?

அது அம்மாவின் கார். பத்தொன்பது வருடமாக அங்கேயே நிற்கிறது. நடந்தது என்னவென்று சொந்தபந்தம் எல்லோருக்கும் தெரியும். பேட்டரி பாதி இறங்கி, சாவி போட்டும் ஸ்டார்ட் ஆகாத ஒரு காலையில், இதே ஷெட்டில், அம்மா முன்னால் நின்று பம்பர் ஓட்டையில் ஹேண்டிலை விட்டு இன்ஜினைக் கையால் சுற்றினாள். வண்டி ஓட்டத் தெரியாத அப்பா உள்ளே உட்கார்ந்திருந்தார். கியர் விழுந்திருந்ததை அவர் பார்க்கவில்லை. இன்ஜின் பிடித்ததும் வண்டி எகிறியது. எதிரே சுவர். நடுவில் அம்மா.

போலீஸில் அப்பாவே அப்படிச் சொன்னார். பதினான்கு மாதம் சிறையில் இருந்தார். ஆறு வயதான அவள் அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தாள். அந்தக் காய்ச்சல் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. நெற்றியில் ஈரத்துணி, தலைக்கு மேலே மின்விசிறி, எல்லாமே. வளர்த்த பெரியம்மா அத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். கூடவே, "அந்த ஒட்டடைக்குச்சிதான் என் தங்கச்சியக் கொன்னுது" என்பதையும். அவ்வளவு உயரம் அப்பா. எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவார்.

ஊருக்கெல்லாம் சொன்னவர் அவளிடம் மட்டும் சொன்னதில்லை. சிறைக்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. அவளுக்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம். 'நான்தான்' என்று முகத்தைப் பார்த்து ஒரு தடவை சொன்னால் போதும். அதற்காகத்தான் இந்த ஊருக்கு வேலை மாற்றிக்கொண்டு, அவர் வீட்டுக்கே வந்து, காரின் மேலிருந்த தார்ப்பாயை இழுத்து எறிந்தாள். அதே வண்டியை ஓட வைப்பது, அதே சீட்டில் அவரை உட்கார வைப்பது, பிறகு கேட்பது. அதுதான் திட்டம்.

ஆரம்பித்தது கோபத்தில்தான். ஆனால் கார்புரேட்டரைப் பிரித்து, பித்தளை ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்து, அதன் மயிரிழை ஓட்டை வழியாக வெளிச்சத்தைப் பார்த்த அன்று மனசு துள்ளிவிட்டது. அந்தச் சந்தோஷத்துக்கும் சேர்த்து அப்பாமேல் கோபம் வந்தது.

வெளியே அப்பா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவர் கட்டிய கொடி அவளுக்கு எட்டாது.

"ஷெட்டுக்குள்ள போனீங்களா?"

"நான் எதுக்கும்மா போறேன்?"

"அப்ப கியர் தானா விழுந்துச்சா?"

சட்டையை உதறிய கை நின்றது. "எந்த கியர்?"

"உங்களுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதானே. அதான்."

அவர் சட்டையைக் கொடியில் போட்டு நுனியை இழுத்துவிட்டார். பிறகு மெல்ல, "அந்த வண்டிய யார்கிட்டயாவது தள்ளிவிட்டுடலாம் பாப்பா" என்றார்.

"பாப்பான்னு கூப்பிடாதீங்க."

அன்று பிற்பகல் மெக்கானிக் வந்தான். எல்லோருக்கும் அவன் ஸ்பானர். மற்றவர்கள் பேனா குத்தும் பையில் அவன் ஸ்பானர் குத்தியிருப்பான். லேத்தில் சொல்லிச் செய்த ஹேண்டிலைக் கோணித்துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தான்.

"இந்தாங்க மேடம், மாப்பிள்ளை. ஆளு கோணல்தான். ஆனா சொன்னபடி சுத்துவான்."

இறுகிப்போன இன்ஜினுக்குள் அவள் ஒன்பது நாளாக எண்ணெய் ஊற்றி வைத்திருந்தாள். அது இளகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்பானர் முதலில் ஓட்டுநர் சீட்டில் ஏறப் பார்த்தான். முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது.

"யாரு மேடம் இதுல ஓட்டினது, சித்தெறும்பா?"

"எங்கம்மா. என் உயரம்தான்."

அவன் கீழே குனிந்து சீட்டைத் தள்ளினான். கம்பி விட்டு நெம்பினான். "முன்கோடி ஓட்டைல பின்னு விழுந்து, துரு புடிச்சு, வெல்டிங் வச்ச மாதிரி ஆயிருக்கு. வண்டி நின்ன நாள்லேருந்து இது ஒரு நூல்கூட அசையல. அறுத்துதான் எடுக்கணும். நீங்களே உக்காருங்க, உங்களுக்குத்தான் தச்சு வச்சிருக்கு."

அவள் உட்கார்ந்து, காலையில் முதல் கியரில் கிடந்ததை நியூட்ரலுக்குத் தள்ளினாள். அவன் முன்னால் போனான்.

"இதுக்கு ஒரு முறை இருக்கு மேடம். ஹேண்டில் போடுறவன் கேக்கணும், நியூட்ரல்ல இருக்கான்னு. உள்ள இருக்கிறவங்க ஆட்டிப் பாத்துட்டு, இருக்குன்னு கத்தணும். அது காதுல விழாம கைய வைக்கப்படாது. பேட்டரி வர்ற சனிக்கிழமைதான் வரும், இன்னிக்கு வண்டி ஸ்டார்ட் ஆகாது. இருந்தாலும் முறை முறைதான். நியூட்ரல்ல இருக்கா?"

அவள் ஆட்டிப் பார்த்தாள். "இருக்கு."

குரல் மெல்லிசாக, இழுத்து, ராகமாக வந்தது. அது அவள் குரல் மாதிரி இல்லை.

ஸ்பானர் சிரித்தான். "என்ன மேடம், ஒண்ணாங்கிளாஸ்ல ஆஜர் சொல்ற மாதிரி!"

அவன் சுற்றினான். கரக்… கரக்… இன்ஜின் எண்ணெயைத் துப்பிக்கொண்டு அசைந்து கொடுத்தது. அவன் கை தட்டினான். அவளுக்குக் கை தட்டத் தோன்றவில்லை. போனட்டைத் தாண்டி அவன் தலை குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்தது. அவன் முதுகுக்குப் பின்னால், சுவரில், இடுப்பு உயரத்தில், ஒரு இடம் மட்டும் வேறு நிறச் சிமெண்டால் ஒட்டுப்போட்டிருந்தது.

திங்கட்கிழமை மாலை வேலையிலிருந்து வந்தவள் முற்றத்தைக் கடக்கும்போது அதைக் கேட்டாள். கரக். கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. கரக். நடுவில், கனமான எதையோ சுற்றி இளைத்தவர் விடும் மூச்சு. பிறகு யாரோ தணிந்த குரலில் எதையோ கேட்டதுபோல இருந்தது. சொல் பிடிபடவில்லை; ஆனால் அது ஒரு கேள்வி, பதிலுக்குக் காத்திருக்கும் கேள்வி என்பது மட்டும் புரிந்தது.

பூட்டைத் திறந்தாள். உள்ளே யாரும் இல்லை. அவள் ஆணியில் மாட்டிவிட்டுப் போன ஹேண்டில் பம்பர் ஓட்டையில் சொருகியிருந்தது. கியர் முதல் கியரில். வண்டியின் முன்பக்கம் மட்டும், அந்தப் புழுக்கத்துக்குள், ஈரமான சோப்பு வாசனை, அப்போதுதான் குளித்துவிட்டு யாரோ கடந்துபோனதுபோல.

பயம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். என்னைப் பயமுறுத்தி விரட்டப் பார்க்கிறார். மாற்றுச் சாவி வைத்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை புதுப் பூட்டு வாங்கினாள். கியரை நியூட்ரலில் போட்டு, கம்பியால் சீட்டுக் காலோடு இறுக்கிக் கட்டினாள். நோட்டில் எழுதினாள்.

புதன். கம்பி அவிழ்ந்திருந்தது. அறுபடவில்லை. வளையல் மாதிரி அழகாகச் சுற்றி சீட்டின் மேல் வைக்கப்பட்டிருந்தது. முதல் கியர்.

வியாழன். முதல் கியர்.

வெள்ளி. முதல் கியர். சோப்பு வாசனை.

சனிக்கிழமை வந்த பேட்டரியை அவள் ஷெட்டுக்குக் கொண்டுபோகவில்லை. தன் அறைக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்தாள். ஏனென்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிறு பிற்பகல் மூன்று மணி. அப்பா சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்க."

"எங்க?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. வாரம் முழுக்க பூட்டைத் திறந்துட்டு உள்ள போகத் தெரியுதுல்ல? இப்ப என் கண்ணெதிர்ல வாங்க."

"நான் அதுக்குள்ள கால் வச்சு பத்தொன்பது வருஷம் ஆச்சும்மா."

"பொய்!"

வாழ்நாளில் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. அப்பா கையைத் துடைத்துக்கொண்டார். அவள் முன்னே நடந்தாள். ஷெட் வாசலில் அவர் நின்றார். குனிந்தார். நிலையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் இறங்குகிறவர் மாதிரி ஒரு காலை உள்ளே வைத்தார்.

ஹேண்டில் பம்பரில் சொருகியிருந்தது. அவள் சொருகவில்லை.

"உட்காருங்க. அந்த சீட்ல உட்கார்ந்து, என் முகத்தப் பாத்துச் சொல்லுங்க. பதினாலு மாசம் ஜெயில்ல உட்கார முடிஞ்சுதுல்ல? இதுல ரெண்டு நிமிஷம் உட்கார முடியாதா?"

அவர் மறுக்கவில்லை. வலது காலை உள்ளே விட்டார். முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. காலை மடக்கினார். தலையைச் சாய்த்தார். இடது கால் வெளியிலேயே நின்றது. மறுபடி முயன்றார். பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக, சரியாக மடங்காத குடை மாதிரி தொங்கினார்.

"சீட்டைத் தள்ளுங்க."

"நகராது."

"எப்படித் தெரியும்?" கேட்டுவிட்டு நிறுத்தினாள்.

முன்கோடி ஓட்டை. துருவேறிய பின். வண்டி நின்ன நாள்லேருந்து ஒரு நூல்கூட அசையல.

தகரத்தின் டிக் டிக் நின்றுவிட்டிருந்தது.

"அன்னிக்கு எப்படி உட்கார்ந்தீங்க?"

அப்பா வெளியே வந்து நிமிர்ந்து நின்றார். அவளைப் பார்க்கவில்லை.

"நீங்க உட்காரல." சொல்லச் சொல்லக் கோபம் வேறு பக்கமாகத் திரும்பி, இன்னும் பெரிதாக எழுந்தது. "போலீஸ்ல பொய். கோர்ட்ல பொய். பெரியம்மா உங்க முகத்துல துப்பினப்பவும் பொய். யாரைக் காப்பாத்தினீங்க? யாரு இந்த சீட்ல இருந்தது?"

"யாரும் இல்ல. வா, வீட்டுக்குப் போலாம்."

"என் அம்மா செத்திருக்கா! எனக்குத் தெரிஞ்சாகணும்!"

அவரைத் தள்ளிக்கொண்டு அவளே ஏறி உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினாள். சொல்லும்வரை இறங்குவதில்லை. சீட் அவளை வாங்கிக்கொண்டது. மேலே இருந்த கண்ணாடி கீழ்நோக்கித் திரும்பி இறுகிப்போயிருந்தது. அதில் அவள் முகம் தெரியவில்லை, கழுத்துதான் தெரிந்தது. முகம் தெரிய வேண்டுமானால் சறுக்கி இறங்க வேண்டும். இறங்கினாள். இன்னும் கொஞ்சம். ஆறு வயதுப் பிள்ளையின் உயரத்துக்கு வந்தபோது இரண்டு கண்கள் சரியாக நடுவில் வந்து நின்றன.

ஈரத்துணி. மின்விசிறி. இல்லை. அதெல்லாம் அதற்குப் பிறகு.

சோப்பு வாசனை.

கரக்.

போனட்டுக்கு அப்பால் ஒரு தலை குனிந்தது. நேர் வகிடு. ஈரக் கூந்தல். நிமிர்ந்தது. முகம் வரும் முன் மறுபடி குனிந்தது. கரக். பேட்டரி கட்டிலுக்கடியில் இருக்கிறது. பேட்டரி இல்லாமல் இது ஸ்டார்ட் ஆகாது. அவள் அதை மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அப்பாவும் முன்பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடுகள் வெளுத்திருந்தன. கதவுக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். திறக்கவில்லை.

சுற்றுவது நின்றது. இளைத்த மூச்சு. பிறகு அந்தக் கேள்வி. இந்தத் தடவை சொல் சொல்லாக.

"நியூட்ரல்ல இருக்கா பாப்பா?"

"சொல்லாத!" அப்பா கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தார். "பாப்பா, பதில் சொல்லாத! வாயத் திறக்காத!"

அவள் கை கியரின் மேல் இருந்தது. எப்போது வைத்தாள்? ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டவில்லை. உள்ளங்கைக்கு அடியில் அது தானாக முன்னால் நகர்ந்து, கடக்கென்று விழுந்தது.

வாய் திறந்தது. மெல்லிசாக. இழுத்து. ராகமாக.

"இருக்கும்மா."

வகிடு குனிந்தது. கரக். பேட்டரி இல்லாத இன்ஜின் ஒரு தடவை இருமியது. போனட் நடுங்கியது. கரக். இன்னொரு இருமல். எதிரே சுவரில், இடுப்பு உயரத்தில், அந்த ஒட்டுச் சிமெண்டு ஈரமாகிக்கொண்டிருந்தது.

அப்பா கண்ணாடியை அறைவதை விட்டுவிட்டார். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அன்னிக்கும் அங்க உட்கார்ந்து இதையேதான் சொன்ன நீ."