ஊசியின் வயிறு அடித்த மணி

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் வாயில் மிச்சமிருக்கும் ஏழு பற்கள் மீதும் சத்தியம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும் வேலை பார்த்தவன் நான்தான்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அவ்வளவு ஒல்லி. குடையை மறந்த நாளில் மழைத்துளிகளுக்கு நடுவே புகுந்து நனையாமல் வீடு போய்ச் சேர்ந்துவிடுவாள். அதனால் எல்லாருக்கும் அவள் ஊசி.

ஊசியின் வயிறு மிகவும் ரோஷக்கார வயிறு. எண்ணெய் பட்டால் கோபம். மிளகாய் பட்டால் அதைவிடக் கோபம். அவள் அம்மா சட்டைகளுக்குப் பட்டன் தைப்பவர். சாயங்காலம் கடை மூடும் நேரத்தில் போய், யாரும் வாங்காத கோணல் கேரட்டையும் உடைந்த பூசணியையும் மலிவாக வாங்கி வருவார்.

"எல்லாம் கோணலா இருக்கும்மா," என்பாள் ஊசி.

"உள்ள போனப்புறம் வயித்துக்கு அது தெரியவா போகுது? சாப்பிடுடி," என்பார் அம்மா.

வயிற்றுக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியுமே! ஊசிக்கு வெட்கமாக இருந்தது. ஒரு நாள், பொரித்த சிப்ஸ் விற்கும் கடையின் சிவப்பு அட்டைப்பெட்டி ஒன்று அவளுக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து வேகவைத்த கேரட்டை அதில் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அவள் தோழிக்கு வாயாடி என்று பெயர். "தினமும் கடைச் சாப்பாடா? உங்க வீட்ல பணம் காய்க்குதாடி?" என்று கேட்டாள். ஊசி பெட்டியை இன்னும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். காது சிவந்தது.

ஒரு மாதம் கழித்து வாயாடியும் அதே சிவப்புப் பெட்டியோடு வந்தாள். "உனக்கு உசுராச்சே! எடுத்துக்கோ," என்று மிளகாய்த் தூள் மினுக்கும் சிப்ஸை நீட்டினாள்.

வேண்டாம் என்றால் குட்டு உடைந்துவிடும். ஊசி நான்கு சிப்ஸ் தின்றாள்.

கணக்கு வகுப்பில் வயிறு முதலில் 'கொர்' என்றது. அடுத்து, "ணங்... ணங்... ணங்..." என்று நீளமாக ஒலித்தது. அச்சு அசலாக, வீட்டுக்கு விடும் மணியேதான்!

முந்நூறு பிள்ளைகளும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எல்லாருக்கும் முன்னால் ஓடியவர் கணக்கு வாத்தியார்.

தலைமையாசிரியை வாசலில் கூட்டத்தை நிறுத்தி, என் பக்கம் திரும்பினார். நான் அப்போதுதான் கொட்டாவி விட்டு எழுந்திருந்தேன்.

"தூக்கக் கலக்கத்துல அடிச்சிட்டீங்களா? நாளையிலேர்ந்து நீங்க வேலைக்கு வர வேண்டாம்!"

"அம்மா, நான் மணியைத் தொடவே இல்லீங்க!"

தூணுக்குப் பின்னால் ஊசி நின்றிருந்தாள். கையில் சிவப்புப் பெட்டி. பேசாமல் இருந்தால் அவள் ரகசியம் தப்பிக்கும்; என் வேலை போகும். அவள் முன்னால் வந்தாள்.

"அவர் அடிக்கல டீச்சர். சத்தம் போட்டது என் வயிறு."

சிரிப்பு வெடித்தது. ஊசி தலை குனிந்தபடியே பெட்டியைத் திறந்தாள். மிச்சமிருந்த கோணல் கேரட்டும் குழைந்த பூசணியும் தெரிந்தன.

"இது கடைச் சாப்பாடு இல்ல. அம்மா மலிவா வாங்கி வேகவெச்சுத் தர்றது. எனக்கு எண்ணெய் ஒத்துக்காது. வெட்கப்பட்டு இதுல மறைச்சேன். இன்னிக்கு சிப்ஸ் தின்னுட்டேன்."

"வயிறு மணி அடிக்குமா? நம்பற மாதிரி சொல்லு," என்றார் தலைமையாசிரியை.

"ணங்!" என்றது வயிறு. கணக்கு வாத்தியார் மறுபடியும் ஓடினார்.

யாரும் சிரிக்கும் முன் வாயாடி கத்தினாள். "அடிப்பாவி! உன்னைப் பாத்துத்தானே நான் ஒரு மாசமா அடம்பிடிச்சு அந்த சிப்ஸ வாங்கினேன்! எங்கம்மா திட்டின திட்டு எனக்குல்ல தெரியும்!"

ஊசிக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. "தப்புதான்டி," என்றாள், மெல்ல.

வாயாடி முறைத்தபடியே ஒரு கேரட்டை எடுத்துக் கடித்தாள். மென்றாள். இன்னொன்றை எடுத்தாள்.

"இனிக்குது. இதையா சுவத்துக்குக் காட்டிக்கிட்டிருந்த?"

மறுநாள் ஊசி சாதாரண டப்பாவில் சாப்பாடு கொண்டுவந்தாள். சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். என் வேலையும் பிழைத்தது.

எல்லாம் சொல்லிவிட்டேன். ஒன்றே ஒன்று பாக்கி: இந்த மணி அடித்த அன்று ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த நாள்.