ராவ் சாகிப்பைத் தின்ற ஆடு

"முடிவு என்னிடம் இருக்கிறது. துப்பு மட்டும்தான் வேண்டும்" என்றார் ராவ் சாகிப் கைலாசம்.

அவர் உட்கார்ந்திருந்த இடம் சேலம் அம்மாபேட்டையில், தறிச் சத்தத்துக்கு நடுவே இருந்த ஞானதாஸின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். வாசல் பலகையில் "இங்கு டைப் கற்றுத் தரப்படும்" என்பதற்குக் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில் "துப்பும் துலக்கப்படும்" என்று எழுதியிருந்தது. பலகையில் இருந்த பெயர் ஞானதாஸுடையது. துலக்கியவர் அவர் மனைவி இசபெல்லா. திருச்செங்கோடு, நாமக்கல் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் வெகுகாலம் நர்ஸாக இருந்து விலகியவர். இது ஊருக்குத் தெரியும், ஞானதாஸுக்கும் தெரியும். பலகையை மாற்ற வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

ராவ் சாகிப் சரிகைத் தலைப்பாகையும் கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டும் அணிந்திருந்தார். வலது கை கோட்டுப் பைக்குள் இருந்தது, போட்டோவுக்கு நிற்பவர் போல. இடது கையால் ஒரு கார்டை எடுத்து நீட்டினார். தங்க விளிம்பு போட்ட கார்டு. தபால் அட்டையைப் போல இரண்டு மடங்கு கனம். அதில் பெயர் சிறியதாகவும் பட்டம் பெரியதாகவும் அச்சாகியிருந்தன.

"பீச்சாங்கையில குடுக்கறாரு பாத்தியா?" என்று ஞானதாஸ் மனைவியின் காதில் பொருமினார்.

"பாத்தேன்" என்றார் இசபெல்லா. பிறகு விருந்தாளியின் பக்கம் திரும்பி, "என்ன நடந்துதுங்க?" என்று கேட்டார்.

"ஒரு ஆடு ராவ் சாகிப் கைலாசத்தைத் தின்றுவிட்டது."

ஞானதாஸ் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். "உங்களையுங்களா?"

"அது ரோஜாவின் பெயர்!" ராவ் சாகிப்புக்குக் கோபம் வந்தது. "நானே ஒட்டுக்கட்டி வளர்த்தேன். மலர்க் கண்காட்சிக்குப் போக வேண்டியது. இப்போது பெயர்ப் பலகை மட்டும் நிற்கிறது."

சர்க்கார் கட்டடங்களை மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். மலைப் பாதையின் அடிவாரத்தில், கொண்டப்பநாயக்கன்பட்டியில் பங்களா கட்டிக் குடியேறியிருந்தார். தோட்டத்து கேட்டுக்கு ஒரு தாழ்ப்பாள் வேண்டியிருந்தது. கடையில் விற்பதை வாங்கி மாட்டுவது அவருடைய அந்தஸ்துக்குப் பொருந்தவில்லை. ஒரு வருஷம் வரைபடம் போட்டு, பித்தளையில் தாமே ஒன்றைச் செய்வித்தார்.

"குமிழை இடப்பக்கம் திருக வேண்டும். நெம்புகோலைக் கட்டைவிரலால் அமுக்க வேண்டும். நாக்கு பின்வாங்கும் அந்த ஒரு கணத்தில் கேட்டைச் சற்றே தூக்கி இழுக்க வேண்டும். எளிமை! குழந்தைகூடத் திறக்கலாம்."

"அப்ப ஆடும் திறக்கலாமுங்களா?"

ராவ் சாகிப் அந்தக் கேள்வியைக் காதில் வாங்கவில்லை. "திறந்தது என் தோட்டக்காரன் காளியண்ணன். பண்டிகைக்கு லீவு கேட்டான், மறுத்தேன். அந்த வன்மம். அன்று நான் கண்காட்சிக் கமிட்டிக்குப் போகும்போது என் கையால் தாழ் போட்டுவிட்டுத்தான் போனேன். வந்து பார்த்தால் இந்த அக்கிரமம். அவன் சொன்ன பொய்யைக் கேளுங்கள். எரு எடுத்துக்கொண்டு திரும்பி வரும்போதே 'கேட்டு நீக்கிக் கெடந்துது' என்கிறான்! கேட்டை யாரோ நீக்கிக் கீழே போட்டிருந்தார்களாம்! தேக்குக் கேட்டு கீலோடு அங்கேயே தொங்குகிறது. தேங்காய் உடைத்தாற்போலப் பொய். போலீஸிடம் போனேன், ஆட்டைக் கூட்டி வாருங்கள், வாக்குமூலம் வாங்கலாம் என்று சிரிக்கிறார்கள். நீங்களாவது எழுதிக் கொடுங்கள். இன்று பொழுது சாய்வதற்குள் குற்றவாளி என் காம்பவுண்டைவிட்டு வெளியேற வேண்டும். என் வீட்டில் சட்டத்துக்கு ஆள் தெரியாது."

"காளியண்ணன் குடும்பத்தோடவா இருக்காரு?"

"பின்கட்டு அறையில். பெண்டாட்டி நிறைமாசமாம். அதற்கு நான் என்ன செய்ய?"

இசபெல்லா குடையை எடுத்தார்.

பங்களா வாசலில் ஜட்கா நின்றபோது, வண்டிக்காரர் இறங்குவதற்குள் குதிரை மூக்கால் கேட்டைத் தொட்டது. கேட்டு வழிவிட்டது.

"பார்த்தீர்களா!" என்றார் ராவ் சாகிப். "தாழ்ப்பாளையும் கெடுத்துவிட்டான். நாலு நாளாக யாரையும் தொடவிடவில்லை. சாட்சியம் கலையக் கூடாது."

கேட்டுக்குப் பக்கத்தில் தாழ்ப்பாளைத் திறக்கும் முறை பலகையில் எழுதி வைக்கப்பட்டிருந்தது. ஏழு விதிகள். எட்டாவதாக, "அவசரக்காரர்கள் இதைத் தொடலாகாது" என்றிருந்தது.

ஞானதாஸ் பூதக்கண்ணாடியோடு மண்ணில் மண்டியிட்டுவிட்டார். "குளம்புத் தடம்! ஆனா ஆட்டுத் தடத்தைப் போலச் செஞ்சிருக்கலாம். கண்காட்சியில போட்டி போடறவன் எவனோ... இல்லைன்னா மலையிலிருந்து சிறுத்தை எறங்கியிருக்கும்."

"சிறுத்தை ரோஜா திங்குமாங்க?"

ஞானதாஸ் சிறுத்தையை மனமில்லாமல் கைவிட்டார்.

காப்பி வந்தது. கொண்டு வந்தவர் ராவ் சாகிப்பின் மனைவி சாரதாமணி. டம்ளரை நாலு விரலால் பிடித்திருந்தார். வலது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. பலகாரத் தட்டோடு பின்னால் வந்த சமையற்காரி முத்தாயம்மாளின் வலது கட்டைவிரலில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்த பற்று. கொட்டகை ஓரம் குந்தியிருந்த காளியண்ணனின் வலது கட்டைவிரல் நகம் நாவற்பழம் போலக் கறுத்திருந்தது.

"அன்னைக்கு என்ன கண்டீங்க, காளியண்ணா?" என்று இசபெல்லா கேட்டார்.

"எத்தன வாட்டி சொல்றதுங்க, நர்ஸம்மா?" என்றார் காளியண்ணன். "நான் வாரயில கேட்டு நீக்கிக் கெடந்துதுங்க. ஆடு உள்ள நின்னு அசை போட்டுக்கிட்டிருந்துது. இதையே நாலு நாளா சொல்றனுங்க. ஐயா கேட்டைத் தடவித் தடவிப் பாத்துப்போட்டு, 'இருக்குதேடா, இங்கேயே இருக்குதேடா'ங்கறாரு. நான் இல்லைன்னா சொன்னேன்?"

"நீங்க எருவுக்குப் போவயில தாழ்ப்பாள் எப்படி இருந்துது?"

பதில் முத்தாயம்மாளிடமிருந்து வந்தது. "நல்லாத்தேன் இருந்துதுங்க. நல்லாக் கடிச்சுது! 'ஆத்தா'ன்னு அவன் போட்ட சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டுது."

"அவருக்கப்புறம் யாரு வெளிய போனது?"

"ஐயாதாங்க. கமிட்டிக்கு."

"பார்த்தீர்களா, நான் தாழ் போட்டேன்!" என்றார் ராவ் சாகிப்.

இசபெல்லா கேட்டின் கல்தூண் பக்கம் போனார். தாழ்ப்பாளின் நாக்கு நுழைகிற துளைக்குள் குனிந்து பார்த்தார். பிறகு தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி, உள்ளே விட்டுக் கிளறினார். ஏதோ ஒன்று வந்தது. அதை யாரும் பார்க்குமுன் உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"எல்லாரும் கொஞ்சம் கிட்ட வாங்க" என்றார். "ஐயாவுக்குத் துப்பு வேணுமாம்."

எல்லோரும் வந்தார்கள். ராவ் சாகிப் நடுவில் நின்றார், தீர்ப்பு வாசிக்கப் போகிறவர் போல.

"மொதல்ல அந்தப் பொய்யைப் பாத்துரலாம். ஐயா தஞ்சாவூர்ப் பக்கம். அங்க நீக்கறதுன்னா எடுத்துப் போடறது. இந்தச் சீமையில கதவை நீக்குன்னா தொறன்னு அர்த்தம். ராத்திரி பிரசவத்துக்குப் போனா, 'நர்ஸம்மா வந்திருக்காங்க, கதவை நீக்குடா'ம்பாங்க. நான் மொத நாள் கதவு பேந்து மேல விழுமோன்னு ஒதுங்கி நின்னேன். கேட்டு தொறந்து கெடந்துதுன்னுதான் காளியண்ணன் சொன்னாரு. அது நெசம்."

ராவ் சாகிப்பின் முகம் சுருங்கியது. "தமிழையுமா இங்கே தலைகீழாகப் பேசுகிறார்கள்? சரி, திறந்தவன் யார்?"

"தொறக்கத் தேவையில்லீங்க. பூட்டவே இல்லை." இசபெல்லா மறுபடியும் ஊசியைத் துளைக்குள் விட்டார். நைந்துபோன புடவைச் சரிகைக் கரை ஒன்று வந்தது.

சாரதாமணி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, நிமிர்ந்தார். "நான்தான் அடைச்சேன். பத்து நாள் முன்னாடி கோயிலுக்குப் போயிட்டு வந்து, வெளியே நின்னு கத்தினேன். இவர் உள்ளேயிருந்து 'மூணாவது விதியைப் படி, மூணாவது விதியைப் படி'ங்கறார். மழை கொட்டறது!"

அடுத்து வந்தது தேங்காய் நார். "அது என்றதுங்க" என்றார் முத்தாயம்மாள் கூச்சமில்லாமல். "சந்தைக்குப் போயிட்டுக் கைநெறயச் சாமானோட வாரவளுக்குத் திருகறதும் அமுக்கறதும் தூக்கறதும் எத்தனை கையிலங்க ஆவும்?"

கடைசியில், துளையின் அடியில், வாழைநார்ச் சுருள். காளியண்ணன் ராவ் சாகிப்பைப் பார்த்துக் கும்பிட்டார். "நானுந்தேன் சாமி. மாசம் ஒண்ணாச்சு."

"மூணு பேரும் கூட்டு!" என்று ஞானதாஸ் கையைத் தட்டினார். "அப்பவே நெனச்சேன்!"

"மூவரும் வெளியே போகட்டும்!" என்றார் ராவ் சாகிப். மூவரில் ஒருவர் தம் மனைவி என்பது சொன்ன பிறகே உறைத்தது. "அதாவது..."

"கூட்டு இல்லீங்க. ஒருத்தர் அடைச்சது இன்னொருத்தருக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா இத்தனை விரல் வீங்கியிருக்காது. இதெல்லாம் மெத்து மெத்துனு இருக்கற சாமான். நாக்கு குத்திக் குத்தி உள்ள போயிரும், தாழ்ப்பாள் மறுபடியும் கடிக்க ஆரம்பிச்சுரும். அப்ப அடுத்த ஆள் அடுத்ததை வெப்பாங்க. பழசு உள்ள, புதுசு வெளிய. காளியண்ணன் எருவுக்குப் போவயில தாழ்ப்பாள் கடிச்சுது. அப்படின்னா அதுவரைக்கும் வெச்சதெல்லாம் அமுங்கிப் போச்சு. ஆட்டை உள்ள உட்டது அதுக்கப்புறம் வெச்ச ஒண்ணு. அதுதான் மொதல்ல வந்தது."

உள்ளங்கையை விரித்தார். நாலாக மடிக்கப்பட்ட ஒரு கார்டு. தங்க விளிம்பு வெயிலில் பளிச்சென்றது.



"யாரோ என் மேஜையிலிருந்து திருடி..." என்று ஆரம்பித்தார் ராவ் சாகிப்.

"உங்க வலது கையைக் கொஞ்சம் காட்டுங்க."

"எதற்கு?"

"காலையில கார்டை இடது கையால நீட்டுனீங்க. எங்க ஊட்டுக்காரர், மரியாதை தெரியாத மனுசன்னு கோவிச்சுக்கிட்டார். எனக்கு அப்படித் தோணலை. சர்க்கார் பட்டம் வாங்குனவருக்கு மரியாதையில குறை இருக்காது, விரல்லதான் இருக்கும்னு நெனச்சேன்."

"காட்டுங்கோளேன்" என்றார் சாரதாமணி. "நாலு நாளா இடது கையாலே சாப்பாட்டை அளையறேளே, ஸ்பூனிலே சாப்பிடறது சீமை நாகரிகம்னேளே, இதுதானா அது?"

வலது கை மெதுவாகப் பையிலிருந்து வெளியே வந்தது. கட்டைவிரல் மற்ற மூவருடையதையும்விட நன்றாக வீங்கியிருந்தது. தாழ்ப்பாள் தன்னைப் படைத்தவரிடம் தனி அக்கறை காட்டியிருந்தது.

"கமிட்டிக்கு நேரமாகிவிட்டது" என்றார் ராவ் சாகிப், தொண்டையைக் கனைத்துக்கொண்டு. "திரும்பி வரும்போது மறுபடியும்... ஒரு தற்காலிக ஏற்பாடு. நான் போனபின் காவலிருக்க வேண்டியது தோட்டக்காரன்தானே?"

"காவலிருக்க ஆள் இருந்தா தாழ்ப்பாள் எதுக்குங்க?" என்றார் இசபெல்லா. "அப்புறமா கார்டை எடுத்துரலாம்னு பாத்திருப்பீங்க. ஆழமா மாட்டிக்கிச்சு, வீங்குன விரல் உள்ள நுழையலை. அதனாலதான் சாட்சியத்தை யாரும் தொடக்கூடாதுன்னீங்க."

மலையின் நிழல் தோட்டத்துக்குள் நீண்டிருந்தது. சாரதாமணி அதைப் பார்த்துவிட்டுக் கணவரைப் பார்த்தார். "பொழுது சாயறது. குற்றவாளி காம்பவுண்டைவிட்டுப் போகணும்னேளே?"

வேறு ஒருவராக இருந்தால் சிரித்து மழுப்பியிருப்பார். ராவ் சாகிப் தலைப்பாகையைச் சரிசெய்தார். "என் வீட்டில் சட்டத்துக்கு ஆள் தெரியாது" என்று தமக்கே சொல்லிக்கொண்டு, நிமிர்ந்த நடையாகக் கேட்டை நோக்கிப் போனார்.

அதற்குள் காற்று கேட்டைச் சாத்தியிருந்தது. துளை காலி. நாக்கு ஒரு மாசத்துக்குப் பிறகு முழுதாக உள்ளே போய், க்ளக் என்று உட்கார்ந்திருந்தது.

ராவ் சாகிப் குமிழைத் திருகினார். இடது கையால் நெம்புகோலை அமுக்கினார். தூக்கினார், இழுத்தார். கேட்டு அசையவில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் செய்தார். நாலாவது விதிக்கும் ஐந்தாவது விதிக்கும் நடுவே ஒரு கை போதவில்லை. தலைப்பாகை அவிழ்ந்து தோளில் விழுந்தது. ஞானதாஸ் உதவப் போனார். க்ளக் என்ற சத்தம் கேட்டது. கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். உள்ளேயிருந்த அத்தனை பேரும் பூட்டிய கேட்டுக்கு இப்பால் நின்றார்கள். குற்றவாளி தப்பிக்க முடியவில்லை, வெளியேற்றவும் முடியவில்லை.

"காளியண்ணா" என்றார் ராவ் சாகிப், திரும்பாமலே.

"சாமி?"

"நீக்கு."

காளியண்ணன் தலையைச் சொறிந்தார். "எதுங்க சாமி? எங்க பேச்சுக்குக் கேட்டை நீக்கறதா, உங்க பேச்சுக்குத் தாழ்ப்பாளை நீக்கறதா?"

ராவ் சாகிப் பித்தளைக் குமிழை வெகுநேரம் பார்த்தார். "ஒன்றைச் செய்தால்தான் மற்றது நடக்கும் போலிருக்கிறது. கடப்பாரையை எடுத்து வா."

தாழ்ப்பாள் எளிதில் வரவில்லை. உறுதி என்ற ஒன்றில் மட்டும் வரைபடம் பொய் சொல்லவில்லை. அது கீழே விழுந்ததும் சாரதாமணி உள்ளே போய், உடைந்த மரத்தொட்டியின் இரும்புப் பட்டை வளையத்தைக் கொண்டு வந்தார். கேட்டின் விளிம்புக் கட்டையையும், தூணுக்குப் பக்கத்தில் நட்டிருந்த முளையையும் சேர்த்து அதை மேலிருந்து மாட்டினார்.

"இதற்கு விதி?" என்று கேட்டார் ராவ் சாகிப்.

"தூக்கினா திறக்கும். போட்டா மூடும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ராவ் சாகிப் வளையத்தைத் தூக்கினார். கேட்டுக்கு வெளியே ஓரடி எடுத்து வைத்து, தண்டனை நிறைவேறிவிட்டது என்று மலையைப் பார்த்து அறிவித்தார். உள்ளே வந்து வளையத்தை மறுபடியும் மாட்டினார். வலது கையால்.

இசபெல்லா பின்கட்டு அறைக்கு, காளியண்ணனின் மனைவியைப் பார்க்கப் போனார். அவர் திரும்பி வந்தபோது கேட்டுக்கு வெளியே அந்த ஆடு நின்றிருந்தது. ஒருமுறை முட்டிப் பார்த்தது. வளையம் கணீர் என்றது. மறுபடியும் முட்டிவிட்டு, கேட்டுச் சட்டங்களுக்கு இடையே ரோஜாப் பாத்தியையும் ராவ் சாகிப்பையும் மாறி மாறிப் பார்த்தது.

"காளியண்ணா," என்றார் ராவ் சாகிப், கொஞ்சம் தயங்கி, "கேட்டு?"

"சாத்திக் கெடக்குதுங்க, சாமி."